கட்டாயம் பார்க்க வேண்டிய இருபத்தைந்து படங்களும் பார்க்காத நானும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கண் சொட்டு மருந்துக் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஏழு மாதம் மேசையடியில் சும்மா கிடந்தது. வீட்டில் பேச ஆள் இல்லாததால் இன்று எடுத்திருக்கிறேன். என் மனைவி பூங்கோதை காலை ஆறே காலுக்குப் பட்டுக்கோட்டைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அவள் தங்கை செண்பகம் வீட்டில் காதுகுத்து. நான்கைந்து நாளில் வந்துவிடுவாள். பெட்டி கொஞ்சம் பெரியதாக இருந்தது. ஒரு காதுகுத்துக்குப் பெண்கள் எத்தனை புடவை கொண்டுபோவார்கள் என்பது எனக்குத் தெரியாது.

டைரிக்கு என்னை அறிமுகம் செய்து வைக்க வேண்டும். பெயர் குழந்தைவேலு. வயது நாற்பத்தொன்பது. திருச்சி உறையூரில் மூக்குக்கண்ணாடிக் கடை. வாரத்தில் ஆறு நாள் ஊராரை உட்காரவைத்து, "கீழ் வரியைப் படிங்க" என்பேன். ஏழாவது நாள் நான் 'கும்மிருட்டு'. அந்தக் கும்மிருட்டேதான். 'கலைத்தூறல்' வார இதழில் பதினொரு ஆண்டுகளாக 'திகில் முற்றம்' எழுதுகிறவன். உலகத்தில் எடுக்கப்பட்ட பழைய பேய்ப்படங்கள், மனத்தைப் போட்டுப் பிசைகிற மர்மப் படங்கள், இவற்றில் எது பார்க்கத் தகுந்தது என்று தமிழ்நாட்டில் பாதிப்பேர் என்னைப் படித்துத்தான் முடிவு செய்கிறார்கள். பாதி என்பது ஆசிரியர் ஜெரால்டு சொன்னது. நேற்றுக்கூட ஒரு ரசிகர் மன்றத்தில் 'திகில் திலகம்' என்று பட்டம் கொடுத்துச் சால்வை போட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படங்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

பயம்தான், வேறொன்றுமில்லை. திரையில் ஒரு கதவு தானாகத் திறந்தால் போதும், எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அதனால் வீட்டில் வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குப் பூங்கோதை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன் உட்காருவாள். நான் அடுக்களையில் இரவுச் சமையலுக்குக் காய் நறுக்குவேன். படம் முடிந்ததும் வந்து எதிரில் உட்கார்ந்து கதையைச் சொல்வாள். வெறும் கதை இல்லை. யார் எந்தப் பக்கம் திரும்பினார்கள், மழை எப்போது நின்றது, அவன் கோப்பையை எந்தக் கையில் பிடித்திருந்தான், எல்லாம். அவள் சொல்லும் நேரம் படத்தைவிட நீளம். அதைக் கேட்டு நான் எழுதுவேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் போயின.

முடிவை மட்டும் எழுதமாட்டேன். முடிவைப் போட்டு உடைப்பது திகில் எழுத்தில் பெரிய பாவம்.

இன்று இரவுக்கு இட்லி வாங்கிக்கொண்டேன். சாம்பாரில் உப்பு இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

கறிவேப்பிலை எங்கே வைத்திருக்கிறாள் என்று கேட்கப் போன் செய்தேன். எடுக்கவில்லை. காதுகுத்து வீட்டில் சத்தமாக இருக்கும்.

ஆகஸ்ட் 6, புதன்

ஜெரால்டு கூப்பிட்டார். 'கட்டாயம் பார்க்க வேண்டிய இருபத்தைந்து' என்று என் கட்டுரைகளைப் புத்தகமாகப் போடுகிறார். முப்பத்தொன்றாம் தேதி வெளியீடு.

"வேலு சார், பதினொரு வருஷமா முடிவச் சொல்லாம ஜனங்கள அலைக்கழிச்சுட்டீங்க. புத்தகத்துல சொல்லிருவோம். 'முடிவுகளுடன்'னு அட்டையில கொட்டை எழுத்துல போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்."

"அது மரபு இல்லையே சார்."

"மரபெல்லாம் அடுத்த புத்தகத்துல பாத்துக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள இருபத்தஞ்சு முடிவும் வந்தாகணும்."

பூங்கோதைக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. பரவாயில்லை. எல்லா முடிவும் எனக்கு மனப்பாடம். அவள் ஒருமுறை சொன்னால் மறக்காது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இருபத்தைந்தையும் எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கடையில் வேலையே ஓடவில்லை. வந்த ஒருவருக்குத் தூரப்பார்வைக்குப் பதிலாகக் கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுத்து, அவர் வாசல் படியில் தடுமாறிய பிறகுதான் கவனித்தேன்.

வரிசையாக எழுதும்போது ஒன்று தெரிந்தது. வெள்ளைக்காரர்கள் மன்னிப்புக் கேட்பதில் கெட்டிக்காரர்கள். 'ஈரத் துண்டு' என்ற பழைய படத்தில், விருந்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒருவன் தன் மனைவி செத்துப்போய்விட்டாள் என்று சொல்கிறான். அவளோ அங்கேயே நின்று பரிமாறிக்கொண்டிருக்கிறாள். அவன் சொல்லச் சொல்ல, விருந்தாளிகளின் கண்ணுக்கு அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியாமல் போகிறாள். கடைசியில் அவன் எழுந்து, அவள் கையிலிருந்த ஈரத் துண்டை வாங்கிக்கொண்டு, தன் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, "இவள்தான் என் மனைவி. இத்தனை நாள் நீங்கள் சாப்பிட்டதெல்லாம் இவள் சமைத்தது" என்கிறான். அந்தத் துண்டு போருக்குப் பிந்தைய ஐரோப்பாவின் மனசாட்சி என்று முன்பு எழுதியிருந்தேன். நிறையப் பாராட்டு வந்தது.

எண்ணிப் பார்த்தேன். இருபத்தைந்தில் பதினான்கு படத்தில் கணவன்காரன் கடைசியில் மன்னிப்புக் கேட்கிறான். ஜப்பான், ஸ்வீடன், இத்தாலி என்று தேச வித்தியாசமே இல்லை. கறுப்பு வெள்ளைக் காலத்து ஆண்கள் நல்லவர்களாக இருந்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒரு வாரம் ஆகிவிட்டது. செண்பகத்துக்கே போன் செய்தேன்.

"என்ன செண்பகம், காதுகுத்தெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"எங்க வீட்டுல யாருக்கு மாமா காதுகுத்து? எம்பையன் காலேஜே முடிச்சுட்டான். அவனைப் புடிச்சு மடியில உக்காரவைக்கவா?"

சரி, காதுகுத்து இல்லை. டைரியிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. காலை ஆறே காலுக்கு அவள் பெட்டியோடு நின்றபோது, "எங்க?" என்றேன். "செண்பகம் வீட்டுக்கு" என்றாள். "ஏன்?" என்று நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது காதுகுத்து என்று வாயில் வந்தது, பிறகு அதை நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

"அக்காகிட்டக் குடு" என்றேன்.

"அக்கா படம் பாத்துக்கிட்டு இருக்கு. ஏன் மாமா, அக்காவுக்குத்தான் பேய்ப்படம்னாலே ஆகாதாமே? டைட்டில் போடுறதுக்குள்ள அடுக்களைக்குள்ள ஓடிருமாமே? நீங்கதான் வீராதி வீரராட்டம் தனியா பாப்பீங்களாமே? முந்நூறு பேரு சிரிச்சாங்களாம்ல."

போனை வைத்துவிட்டாள்.

'திகில் திலகம்' பட்டம் வாங்கிய மேடையில் நான் சொன்னது அது. ஒரு பேச்சுக்குச் சொன்னது. இந்த மாதிரிக் கூட்டங்களில் பெண்டாட்டியைப் பற்றி ஒரு வரி கிண்டலாகச் சொன்னால்தான் கூட்டம் நம் பக்கம் சாயும். எனக்கு முன்னால் பேசியவர்கூடச் சொன்னார். பூங்கோதை மூன்றாவது வரிசையில், கடுகு நிறப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததால் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று நறுக்குவதற்குக் காய் இல்லை. இருந்த ஒரு கத்தரிக்காயும் சொத்தை.

ஆகஸ்ட் 13, புதன்

ஒரு படம் பார்த்தேன். நானாகவே.

அவள் சேர்த்த படங்களெல்லாம் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. அதை எடுத்துப்போகவில்லை. வருகிற எண்ணம் இருப்பதால்தான் விட்டுப்போயிருக்கிறாள் என்று முதலில் தோன்றியது. செண்பகம் வீட்டில் அதைவிடப் பெரிய டிவி இருப்பது பிறகு நினைவுக்கு வந்தது.

அவள் பார்த்ததைத்தான் பார்ப்போமே, அடுத்த முறை போனில் பேச விஷயமாவது கிடைக்கும் என்று 'ஈரத் துண்டு' போட்டேன். கடையில் 'உடல்நலக் குறைவு' என்று அட்டை தொங்கவிட்டேன். காலை பத்து மணி. ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து, எல்லா விளக்கையும் போட்டு, அடுத்த அறையில் டிவியில் செய்தி ஓடவிட்டு, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்தேன். தொண்ணூற்று நான்கு நிமிடப் படம். எனக்கு நாலரை மணி நேரம் ஆனது. சூப் கிண்ணத்தை அருகில் காட்டும்போதெல்லாம் நிறுத்தி, வாசலில் போய் நின்று, தெருவில் நாலு மனிதர்களைப் பார்த்துவிட்டு வந்தேன். நடுவில் கேஸ்காரர் மணியடித்தபோது நான் போட்ட சத்தத்தில் அவர் சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு, "சார், நான்தான்" என்றார்.

அவள் சொன்னது அத்தனையும் அப்படியே இருந்தது. கோப்பை இடது கையில். மழை மூன்றாவது விருந்தில் நிற்கிறது. இருட்டில் நடந்துபோகிறவனுக்கு யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போவது மாதிரி இருந்தது. பயம்கூடக் கொஞ்சம் குறைந்தது.

கடைசி ஐந்து நிமிடம் மட்டும் அவள் சொன்னதாக இல்லை. அவன் எழுந்திருக்கவில்லை. நாற்காலியைத் தரவில்லை. அவள் சூப்பைப் பரிமாறுகிறாள். துண்டை நாற்காலி முதுகில் காயப்போடுகிறாள். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போகிறாள். கணவனும் விருந்தாளிகளும் ஒவ்வொருவராகக் கிண்ணத்துக்குள் முகம் கவிழ்கிறார்கள். அவ்வளவுதான் படம்.

வேறு பிரதியாக இருக்கும். இரண்டு முடிவு எடுத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கடை இன்றும் அடைப்பு. இரண்டு படம்.

'அலமாரிக்குள் அவள்'. மனைவிக்குத் தூக்க மாத்திரை கொடுத்தே அவளைப் பைத்தியம் என்று நம்பவைக்கிற டாக்டர். பூங்கோதை சொன்னதில் அவன் கண்ணீரோடு மாத்திரைகளை ஆற்றில் கொட்டுகிறான். படத்தில் அவனே அந்த அலமாரிக்குள் போய்ச் சேருகிறான். வெளியே பூட்டு.

'ஊமை மணி'. தேவாலயத்தில் மணியடிக்கிற ஒருவன், நன்றாகப் பாடுகிற மனைவியை ஊமை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறான். பூங்கோதை சொன்னதில் அவன் அவளைக் கோபுரத்துக்குக் கூட்டிப்போய் ஊரே கேட்கும்படி பாடவைக்கிறான். பிறகு இருவரும் கைபிடித்துப் படியிறங்குகிறார்கள். படத்தில் அவன் மட்டும்தான் இறங்குகிறான். படி வழியாக இல்லை.

வேறு பிரதி ஒன்றுமில்லை. மூன்று படத்தில் மூன்றும் ஒரே இடத்தில் மாறியிருக்கிறது.

ஜெரால்டுக்குப் போன் செய்தேன். "அச்சு முடிஞ்சு பைண்டிங் போயிருச்சு சார். ஆயிரம் காப்பி. என் சர்வீஸ்ல இவ்வளவு வேகமா வேலை நடந்ததே இல்ல" என்றார். மனிதர் சந்தோஷமாக இருந்தார். வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் அப்படி ஒரு கோபம். பதினொரு வருடம் ஒருத்தி என்னிடம் பொய்க் கதை சொல்லியிருக்கிறாள்! எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தால், எதிரில் உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, ஸ்வீடனில் ஒருவன் மன்னிப்புக் கேட்டான் என்று சொல்வாள்? பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்து அவளைத் திட்டினேன். நுரையோடு திட்டியதால் பாதி எனக்கே புரியவில்லை.

மதியம், அந்தப் பதினான்கு படங்களின் பட்டியலை எடுத்து, எந்த வாரம் எது வந்தது என்று பழைய இதழ்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 'அலமாரிக்குள் அவள்' சொன்ன வாரம்தான், அவள் வேலைக்குப் போகிறேன் என்று கேட்டு, "உனக்கெதுக்கு அலைச்சல்?" என்று நான் முடித்துவைத்தது. 'ஊமை மணி' சொன்னது, என் கட்டுரைக்கு முதல் பரிசு வந்து, கேடயத்தை வாங்க நான் மட்டும் சென்னை போய்வந்த வாரம். 'ஈரத் துண்டு' எந்த வாரம் என்று தேடவில்லை. எல்லா வாரத்துக்கும் பொருந்தும்.

கதை சொல்லி முடித்ததும் ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்ப்பாள். "அவன் கடைசியில கேட்டுட்டான்ல, அதான் நல்லாருக்கு" என்பாள். "ஆமா ஆமா. உருளைக்கிழங்கு சின்னதா நறுக்கட்டுமா, பெருசாவா?" என்பேன் நான். பதினொரு வருடமும் உருளைக்கிழங்கைப் பற்றித்தான் கேட்டிருக்கிறேன்.

வெட்கமாக இருக்கிறது. இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பட்டுக்கோட்டை போய் வந்தேன். போகிற வழியெல்லாம் மனதுக்குள் ஒரே வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மூன்றே சொல். தஞ்சாவூர் தாண்டும்போது தண்ணீர்பட்ட பாடாக வந்தது.

செண்பகம் கதவைத் திறந்து, "வாங்க மாமா, திகில் திலகமே" என்றாள். காபி கொடுத்தாள். உள்ளே ஒரு பெண் அலறும் சத்தமும் பின்னணி இசையும் கேட்டன. படம் முடிகிறவரை நாற்பது நிமிடம் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு பூங்கோதை வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது.

"கேஸ் வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு."

"சாப்பாடு?"

"ஓடுது."

நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாயைத் திறந்தேன். "புத்தகம் அச்சாயிடுச்சு. முடிவு எல்லாம் தப்பாப் போயிருச்சு" என்று வந்தது.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்காக வந்தீங்களா?"

"ஆமா" என்றேன். என்னை எதைக் கொண்டு அடித்தாலும் தகும். கதவு தானாகத் திறக்கிற படத்தையே பார்த்துவிட்டவன், பெண்டாட்டி முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

"அப்ப ஜெரால்டு சாரப் போய்ப் பாருங்க" என்று எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அந்தப் பின்னணி இசை.

பஸ் ஸ்டாண்டுவரை செண்பகம் கூட வந்தாள். "மாமா, நீங்க நல்லவருதான். ஆனா சரியான தத்தி" என்றாள். மறுக்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

போன் செய்தேன். எடுத்தாள். "என்ன?" என்றாள். "சும்மா" என்றேன். வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அதே மண்டபம், அதே மைக், சால்வைகூட அதே கடையில் வாங்கியதாகத் தெரிந்தது. இருநூறு பேர் இருப்பார்கள். மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். பூங்கோதை இல்லை. வருவாள் என்று யார் சொன்னார்கள், நானாக எதிர்பார்த்தேன்.

புத்தகத்தை வெளியிட்டு, ஜெரால்டு என்னைப் புகழ்ந்து தள்ளி, கேள்வி கேட்கலாம் என்று அறிவித்ததும் ஒரு பெண்மணி எழுந்தார். பல் டாக்டராம், பெயர் பெனாசிர். கையில் முன்பதிவு செய்து முன்பே வாங்கிய புத்தகம், உள்ளே பத்துப் பதினைந்து இடத்தில் காகிதம் செருகியிருந்தது.

"ஐயா, 'ஊமை மணி'யில அந்த ஆளு கோபுரத்துலேர்ந்து விழுந்துல்ல சாவான்? கையப் புடிச்சு இறங்கினாங்கன்னு போட்டிருக்கீங்க. 'ஈரத் துண்டு'ல எல்லாரும் செத்துருவாங்க. நீங்க நாற்காலி குடுத்து உக்காரவெச்சிருக்கீங்க. தப்பா நினைச்சுக்காதீங்க, நீங்க இந்தப் படத்தையெல்லாம் பார்த்தீங்களா?"

ஜெரால்டு பக்கத்தில் குனிந்து, உதடு அசையாமல், "வேற பிரதின்னு சொல்லிருங்க. ஐரோப்பியப் பிரதி" என்றார்.

நல்ல யோசனை. யாராலும் மறுக்க முடியாது. "அது வந்து, ஐரோப்பாவுல" என்று தொடங்கியும் விட்டேன். கூட்டம் நம்பத் தயாராக என்னைப் பார்த்தது. முந்நூறு பேர் சிரித்த அன்றைக்கும் இப்படித்தான் பார்த்தார்கள். என்னிடம் மைக் இருந்தது. அவளிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

"பார்க்கல டாக்டர்" என்றேன். "எழுதினப்ப ஒண்ணுகூடப் பார்த்திருக்கல. எனக்குப் பேய்ப்படம்னா பயம். பார்த்தது எல்லாம் என் மனைவி பூங்கோதை. பதினொரு வருஷமா அவங்க பார்த்துச் சொன்னாங்க, நான் என் பேர் போட்டு எழுதினேன். போன தடவை இதே மேடையில, அவங்க பயந்து அடுக்களைக்குள்ள ஓடிருவாங்கன்னு சொல்லி உங்களச் சிரிக்கவெச்சேன். அடுக்களைக்குள்ள இருந்தது நான். உருளைக்கிழங்கு நறுக்கிக்கிட்டு இருந்தேன்."

சிலர் சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். இந்த முறை யாரைப் பார்த்து என்பதில் சந்தேகம் இல்லை.

"அந்த முடிவெல்லாம்?" என்றார் டாக்டர்.

"அது அவங்க எனக்குச் சொன்னது. எந்தப் படத்துலயும் கிடையாது. புத்தகத்துல வந்திருக்கவே கூடாது. எனக்கு மட்டும் சொன்னதை நான்தான் காதுல வாங்கல." பிறகு மூன்றாவது வரிசையைப் பார்த்து, "அவங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். நேர்ல போய்க் கேட்கத்தான் போனேன், வாயில வரல" என்றும் சொன்னேன். மைக்கில் சொல்லும்போது குரல் கீச்சென்று போனது. பின்வரிசையில் யாரோ போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெரால்டு தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். சால்வை போடுவதற்கு வந்தவர் போடலாமா வேண்டாமா என்று தெரியாமல் அதை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 1, திங்கள்

பூங்கோதையிடமிருந்து போன் இல்லை. செண்பகம் மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: 'வீடியோ வந்துச்சு மாமா. அக்கா ரெண்டு தடவ பாத்துச்சு.'

செப்டம்பர் 2, செவ்வாய்

ஜெரால்டு வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பதினேழு கடிதங்களைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். பாதி என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தன. மீதி, அந்த அம்மாவை எழுதச் சொல்லுங்கள் என்றன. "நம்பர் குடுங்க, நான் கேக்குறேன்" என்றார். கொடுத்தேன். போகும்போது, விற்காத பிரதிகளில் ஒட்டுவதற்குப் பிழைதிருத்தச் சீட்டு வேண்டும் என்றார்.

"டாக்டரம்மா எழுதித் தர்றேன்னாங்க. வாங்கிக்கவா?"

"வேண்டாம். நான் பார்த்து எழுதுறேன்" என்றேன்.

ஜெரால்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

செப்டம்பர் 4, வியாழன்

ஐந்து படம் முடிந்தது. ஜன்னல் ஒன்றுதான் திறந்திருந்தது. ஐந்தாவதில் கண்ணை மூடவே இல்லை. கண்ணாடியை மட்டும் கழற்றிவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பதினெட்டு. இன்று வாந்தி. படத்தினால் இல்லை, ஓட்டல் பூரியினால் என்று நினைக்கிறேன். பதினாறாவது படத்தில் ஒரு கிழவன் பனியில் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்கிறான். பேயே இல்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஜெரால்டு அவளிடம் பேசிவிட்டாராம். எழுதச் சம்மதம், புனைபெயர் கிடையாது, சொந்தப் பெயர்தான் என்றாளாம். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்றேன். "கேக்கல சார்" என்றார். நல்ல மனிதர், பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இருபத்தைந்தாவது படம். 'தண்ணீர் பிடிக்கப் போனவள்'. ரயிலில் கணவன் தூங்கும்போது மனைவி ஒரு ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க இறங்குகிறாள். ரயில் போய்விடுகிறது. அவள் வீடு வந்து சேரவில்லை. அவன் தினமும் இரண்டு தட்டு வைத்துச் சாப்பிடுகிறான். வீட்டில் சின்னச் சின்னச் சத்தங்கள். உனக்கு மனைவியே இருந்ததில்லை என்கிறார்கள் ஊரில். ஒருநாள் விடிகாலையில் கதவு தட்டப்படுகிறது. அவன் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைக்கிறான்.

அங்கே பிரதி நின்றுவிட்டது. வெறும் கறுப்பு. முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன். இணையத்தில் தேடினேன். இல்லை. இதன் முடிவென்று அவள் எனக்குச் சொன்னது, கதவைத் திறந்து அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்டான் என்பது. அது சரியாக இருக்க வாய்ப்பில்லை என்பது இப்போது எனக்கே தெரியும்.

மாறாத பதினொன்றுக்கு 'சரி', மாறியதில் பதின்மூன்றுக்குப் படத்தின் முடிவு என்று சீட்டில் இருபத்து நான்கு எழுதியாகிவிட்டது. ஒன்று பாக்கி. வேறு வழியில்லாமல் போன் செய்தேன். வேறு வழி இல்லாததற்காக எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"பூங்கோதை, 'தண்ணீர் பிடிக்கப் போனவள்' பார்த்தேன்."

"நீங்களா?"

"நான்தான். கடைசி ரெண்டு நிமிஷம் பிரதியில இல்ல. கதவத் தட்டுறது யாரு?"

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. செண்பகம் ஏதோ கேட்க, இவள் "ஸ்ஸ்" என்றாள்.

"அவதான்" என்றாள். "திரும்பி வந்துட்டா."

சீட்டில் எழுதப்போனேன். பேனா நின்றது. "நிஜமாவா? இல்ல, இதுவும் நீ மாத்துனதா?"

"மாத்துனதுதான்."

"அப்ப படத்துல?"

"படத்துல அவ வர்றதே இல்ல. தட்டுறது பால்காரன். பால வாங்கிட்டுக் கதவச் சாத்திக்குவான். அவ்வளவுதான் படம்." மின்விசிறியை அணைக்கிற சத்தம் கேட்டது. "வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸுல வர்றது நான். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டு அதையும் அச்சுல ஏத்திராதீங்க."

வைத்துவிட்டாள்.

பிழைதிருத்தச் சீட்டில், இருபத்தைந்தாம் எண்ணுக்கு எதிரே, 'கதவைத் தட்டுவது பால்காரன்' என்று எழுதினேன். எழுதிவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். ஒரு பால்காரனுக்காக இப்படி அழுத ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.